ஹீலியம் அக்காவின் கடைவாய்ப்பல்

கல்லில் நார் உரித்துவிடலாம். அந்தக் கல்லூரியின் வேதியியல் துறை ஸ்டோர் அக்காவிடமிருந்து ஒரு தீக்குச்சி வாங்க முடியாது. இது மாணவர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைத்துவிடாதீர்கள். துறைத் தலைவரே ஒருநாள் பர்னர் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டு வந்து நின்றார். அக்கா ஒரே ஒரு குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"பெட்டி வேணுமே, உரசறதுக்கு?" என்றார் அவர்.

"பெட்டி ஸ்டோரை விட்டு வெளிய போகாது சார். இங்கயே உரசித் தர்றேன். அணையறதுக்குள்ள ஓடிடுங்க."

தலைவர் ஓடினார். அறுபதை நெருங்கும் மனிதர், கையால் சுடரை மறைத்துக்கொண்டு நடைபாதை நீளத்துக்கும் ஓடினார். மூன்றாவது ஓட்டத்தில்தான் பர்னர் பற்றியது. எரிந்த மூன்று குச்சிகளையும் மாலைக்குள் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார்.

சோதனைக்குழாய் உடைந்தால் வேறு குழாய் கிடைக்கும். ஆனால் உடைந்ததன் துண்டுகள் எல்லாம் வந்து சேர வேண்டும். அக்கா செய்தித்தாளை விரித்து, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பாள். கடுகளவு இடைவெளி தெரிந்தாலும், "இந்த இடத்துல இருந்தது எங்கே?" என்பாள். ஒரு மாணவன் அந்தக் கடுகைத் தேடி மதியம் முழுக்க ஆய்வகத்தைப் பெருக்கினான். கடைசியில் அது அவன் செருப்பின் அடியில் குத்திக்கொண்டிருந்தது. அன்று அவன் பெருக்கிய பெருக்கில், அதற்கு முன் தொலைந்த இரண்டு கார்க்குகளும் அகப்பட்டன என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

பதினாறு வருடங்களுக்கு முன் மூன்று மாதத் தற்காலிக வேலைக்குத்தான் அவள் வந்தாள். முதல் நாளே எண்ணிப் பார்த்தாள். நீளக் கண்ணாடிக் குழாயான பியூரெட் நாற்பத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. மிச்சம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் யாருக்கும் இல்லை. அக்கா தேடக் கிளம்பினாள். விடுதியில் ஆறு பியூரெட் திரைச்சீலைக் கம்பிகளாக வாழ்ந்துகொண்டிருந்தன. ஒன்று முதல்வர் வீட்டு ரோஜாச்செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் நாற்பத்தெட்டும் அலமாரிக்கு வந்துவிட்டன. முதல்வர் அவளை நிரந்தரமாக்கினார். ரோஜாச்செடியைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றும் சொல்வார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவரோ, கல்லூரி வாசலுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்தார். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுப்பார். கேட்காதவரிடம், "ஏதாவது வேணுமா?" என்று இவரே கேட்பார். உட்காரும் ஸ்டூலை யாருக்கோ கொடுத்துவிட்டு ஒன்றரை வருடமாகக் குத்துக்காலிட்டே டயரைக் கழற்றினார். ஒருமுறை பஞ்சர் ஒட்ட வந்த சைக்கிளையே, அவசரம் என்று வந்த இன்னொருவருக்கு இரவல் கொடுத்துவிட்டார். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தபோது, அவர் வீட்டுக்குப் போகத் தன் சைக்கிளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார். அன்று இவர் நடந்து வீடு வந்து சேர்ந்தார். முகத்தில் ஒரு திருப்தி.

அக்காவுக்கு 'ஹீலியம்' என்று பெயர் விழுந்திருப்பது அவளுக்கே வெகுநாள் தெரியாது. ஒருநாள் ஸ்டோரின் அரைக்கதவுக்கு அந்தப் பக்கம், "ஹீலியம் வந்தாச்சாடா?" என்று ஒருவன் கேட்க, "வந்தாச்சு, உள்ள உக்காந்திருக்கு," என்று இன்னொருவன் சொன்னான். உள்ளே உட்கார்ந்திருந்தது அக்கா மட்டும்தான்.

அவள் நேராகப் புது சாரிடம் போனாள். புது சார் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன விரிவுரையாளர். அக்காவைக் கண்டால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், எதையாவது திருப்பிக் கொடுக்காமல் இருக்கிறோமோ என்று.

"சார், ஹீலியம்னா பலூன்ல அடைக்கிறதுதானே? நான் குண்டா இருக்கேன்னு சொல்றாங்களா?"

"ஐயோ, இல்லக்கா! ஹீலியம் ரொம்ப லேசு."

"ஓஹோ. அப்போ எனக்கு ஒரு கனம் இல்லங்கறாங்க."

"அப்படி இல்லக்கா. அது ஒரு மந்த வாயு..."

புது சார் வாயை மூடிக்கொண்டார். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதானே.

"மந்தமும் வந்துடுச்சு, வாயுவும் வந்துடுச்சு," என்றாள் அக்கா. "அஜீரணம் ஒண்ணுதான் பாக்கி."

"இப்போ பேரை மாத்திட்டாங்கக்கா! உயரிய வாயுன்னு சொல்றாங்க!"

"வாயு மேல உசந்து வந்தா அதுக்குப் பேரு ஏப்பம் சார்."

வேறு வழியில்லாமல் புது சார் அவளைச் சுவரில் மாட்டியிருந்த தனிம வரிசை அட்டவணைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "அக்கா, ஒவ்வொரு அணுவுக்கும் நடுவுல உட்கரு இருக்கு. அதைச் சுத்தி எலக்ட்ரான்கள். வெளிக்கோடியில இருக்கிற ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கணும்னா எவ்வளவு ஆற்றல் செலவாகுதோ, அதுக்குப் பேரு அயனியாக்கும் ஆற்றல். சிலது கேட்டதுமே விட்டுடும். சிலது லேசுல விடாது. எல்லாத்தைவிடவும் விடாப்பிடியா இருக்கிறது ஹீலியம். அதனாலதான்..." மிச்சத்தைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தைவிடவுமா?"

"நூத்திச் சொச்சம் தனிமத்துலயும் அதுதான் முதல்."

"இதோ இதுக்கு அடியிலேயே நியான்னு ஒண்ணு இருக்கே, அதைவிடவா?"

"அதைவிடவும்தான்க்கா."

அக்காவின் காதுமடல் சிவந்தது. யாரும் அவளை இதுவரை எதிலும் முதல் என்று சொன்னதில்லை. அன்றே புது சாரின் பாடப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், அட்டை போட்டு, மறுநாள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் விஷயம் அவளுக்குள் இறங்கிவிட்டது. ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகப் போக உட்கருவின் இழுப்பு கூடுகிறது, எலக்ட்ரான்கள் நெருக்கமாக ஒட்டிக்கொள்கின்றன, கை இறுகுகிறது. மேலிருந்து கீழே போகப் போக வெளிக்கூடு தூரத்துக்குப் போகிறது, நடுவில் இருக்கும் எலக்ட்ரான்கள் வேறு திரைபோட்டு மறைத்துக்கொள்கின்றன, பிடி தளர்கிறது. பெரிய குடும்பத்தில் கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் வாசலில் செருப்பு போனது அடுப்படியில் இருப்பவளுக்குத் தெரியுமா? அதே கதைதான் என்று அக்கா புரிந்துகொண்டாள்.

ஹீலியத்தின் அயனியாக்கும் ஆற்றல் எண் இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டு. அதை அவள் தன் பிறந்த தேதிபோல மனப்பாடம் செய்துகொண்டாள். பிறகு, மிகக் குறைந்த எண் யாருடையது என்று தேடி, அட்டவணையின் இடதுபக்கக் கீழ்மூலைக்கு விரலைக் கொண்டுபோனாள். அங்கே சீசியம் இருந்தது. முந்நூற்று எழுபத்தாறு. அதற்கும் கீழ்க் கட்டத்தில் பிரான்சியம் என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஒரு நாழிகைக்குள் பாதி காணாமல் போய்விடும் வகை. அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது.

வீட்டுக்குப் போனதும் சொன்னாள். "என்னங்க, நீங்க சீசியம்."

"அப்படியா? நல்லதா அது?"

"மேல வெளிச்சம் பட்டாலே போதுமாம், எலக்ட்ரானை விட்டுடுமாம்."

கணவர் யோசித்தார். "பாவம், யாருக்கு என்ன அவசரமோ. டார்ச் எடுத்துக்கிட்டு வந்து கேட்டிருக்காங்க."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது அக்காவின் வாயில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. இடப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று இரண்டு வருடமாகச் சொத்தையாகி ஆடிக்கொண்டிருந்தது. பிடுங்கிவிடு என்று சொல்லாதவர் இல்லை. "என்னோடது. எதுக்குக் குடுக்கணும்?" என்பாள். நாக்கால் ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்ப்பாள். எண்ணிக்கை சரியாக இருக்கும். ஒருநாள் அந்தப் பல் பழிவாங்கியது. கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, பதினாறு வருடத்தில் முதல்முறையாக அக்கா மூன்று நாள் விடுப்பு எடுத்தாள்.

ஸ்டோர் சாவிகளைக் கணவரிடம் கொடுத்தாள். கொடுத்தாள் என்பதைவிட, அவர் விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள் என்று சொல்லலாம். "புது சார் கையில நேராக் குடுங்க. வழியில யாரு என்ன கேட்டாலும் காது கேக்காத மாதிரி போயிடுங்க."

புது சார் வகுப்பில் இருந்தார். கணவர், பாவம், வெளியே நின்று கால் வலித்ததால் ஸ்டோரைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் வெளியே போனது என்பதே தெய்வச் செயல்.

நாலாம் நாள் காலை அக்கா வேலைக்கு வந்தபோது கன்னம் கொஞ்சம் வடிந்திருந்தது. மேசையில் ஒரு சுற்றறிக்கை: இன்று மாலை நான்கு மணிக்கு அதிகாரி ஒருவர் ஸ்டாக் சரிபார்க்க வருகிறார். அக்கா சிரித்துக்கொண்டாள். திருவிளையாடல் யாரிடம்? வழக்கம்போல ஒரு சுற்று எண்ணினாள். பியூரெட் சரி, பிப்பெட் சரி, குடுவை சரி. மூலைக்கு வந்தாள். ஆறடி அலுமினிய மடக்கு ஏணி நிற்கும் மூலை அது. தரையில் ரப்பர் பாதங்களின் நான்கு தடங்கள் இருந்தன. ஏணி இல்லை.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த வழியாகப் போன புது சார், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் மூலை காலியாக இருப்பதையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார்.

எதிர்க்கடையில் கணவர் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஸ்டோர் ஏணி எங்கே?"

அவர் தண்ணீரையே பார்த்தார். "வந்துடும்."

"எங்கேருந்து வரும்?"

"டெய்லர்கிட்ட இருந்து. போர்டு மாட்டணும்னாரு. நான் குடுக்கலம்மா. அவரு கேட்டாரு, அதுவாப் போயிடுச்சு."

அக்கா திட்டவில்லை. சீசியத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவள் தெருவைப் பார்த்தாள். பஞ்சர் கடை இடதுகோடி. அடுத்து டெய்லர். அதற்கடுத்து ஜெராக்ஸ் அம்மா. பிறகு இஸ்திரிக்காரர். வலதுகோடியில் பல் டாக்டர். "ஏணி வலப்பக்கம்தாங்க போயிருக்கும்," என்றாள். "வாங்க, கடையைச் சாத்துங்க."

டெய்லர் கையில் ஊசியோடு எழுந்து நின்றார். "ஜெராக்ஸ் அம்மா கேட்டாங்கக்கா. உடனே குடுத்துடல. மூணு தரம் கேட்டப்புறம்தான் குடுத்தேன்."

ஜெராக்ஸ் அம்மா இயந்திரத்தின் மூடியைத் திறந்தபடியே சொன்னாள். அவள் கடையில் மூன்று அலமாரி, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு காகிதம், ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில். "இஸ்திரிக்காரருக்கு ஒட்டடை அடிக்கணுமாம். ஏழு தரம் கேட்டாரு, மாட்டேன்னுட்டேன். எட்டாவது தரம் கண்ணுல தண்ணி விட்டாரு. அதுக்கப்புறம் எப்படிம்மா?"

மூன்று, எட்டு. கூடிக்கொண்டே போவதை அக்கா கவனித்தாள். புத்தகம் பொய் சொல்லவில்லை. இஸ்திரிக்காரர் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவரிடமிருந்து ஏணி பத்துப் பன்னிரண்டு தரமாவது கேட்காமல் கிளம்பியிருக்காது. அப்படியென்றால் அங்கேயே இருக்கலாம். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

"ஏணியா?" என்றார் இஸ்திரிக்காரர், சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டே. "நேத்து பல் டாக்டர் கேட்டாரு, குடுத்துட்டேன்."

"எத்தனை தரம் கேட்டாரு?"

"ஒரு தரம்தான். முழுசாக்கூடக் கேட்கல. 'ஏ...'ன்னாரு. தூக்கிக் குடுத்துட்டேன்."

அக்காவின் தலை சுற்றியது. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வலப்பக்கம் போகப் போகக் கை இறுக வேண்டாமா? அப்போதுதான் கடைக்குள் ஒரு மர ஏணி சாய்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான். மச்சான் வீட்டுல இருந்துச்சு. நேத்துக் காலையில கொண்டாந்து போட்டுட்டுப் போயிட்டான். இந்தப் பொந்துக்குள்ள ரெண்டு ஏணி, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு நான். திரும்பினா ஒண்ணு முதுகுல இடிக்குது, குனிஞ்சா இன்னொண்ணு முட்டியில இடிக்குது. எவனாவது வந்து ஒண்ணைத் தூக்கிட்டுப் போகமாட்டானான்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"ஆக்சிஜன்!" என்று கத்தினாள் அக்கா.

இஸ்திரிக்காரர் பயந்துபோய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்து.

"இல்லைங்க," என்று அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "நைட்ரஜன்ல வெளியில இருக்கிற மூணும் தனித்தனி இடத்துல ஒண்ணொண்ணா உக்காந்திருக்கும், ஜெராக்ஸ் அம்மா காகிதக்கட்டு மாதிரி. ஆக்சிஜன்ல நாலாவது ஒண்ணு வந்துடும். ஒரே இடத்துல ரெண்டு. தள்ளுமுள்ளு. அதனால ஒண்ணு சுலபமா வெளிய வந்துடும். நைட்ரஜனைவிட ஆக்சிஜனுக்கு அயனியாக்கும் ஆற்றல் கம்மி. புத்தகத்துல இருக்குங்க!"

"அப்போ இவரு நல்லவரு இல்லையா?" என்றார் கணவர் வருத்தமாக.

"இடம் இல்லாதவரு."

ஒரு கணம் அவள் ஏணியையே மறந்துவிட்டாள். அப்புறம் வலதுகோடியைப் பார்த்ததும் நினைவு வந்தது. ஆக்சிஜனுக்கு அடுத்த கட்டம் ஃபுளூரின்; அடுத்தவருடையதையும் பிடுங்கிக்கொள்ளும் வகை.

பல் டாக்டர் அந்தத் தெருவுக்கு வந்து ஐந்து வருடம் இருக்கும். அதற்குள் தெருவில் பாதிப் பேர் வாயிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துவிட்டார். டெய்லரின் அளவு நாடா, ஜெராக்ஸ் அம்மாவின் ஸ்டேப்ளர், பஞ்சர் கடை ஸ்டூல் எல்லாம் அவரிடம்தான் இருந்தன. போனது எதுவும் திரும்பியதில்லை.

சிகிச்சை அறையின் நடுவே ஏணி காலை விரித்து நின்றது. அதன் ஒவ்வொரு படியிலும் பிளாஸ்டர் பல் வார்ப்புகள் காயவைக்கப்பட்டிருந்தன. மேல்தாடை, கீழ்தாடை, ஓட்டைப்பல், தூக்குப்பல் என்று படிக்குப் படி ஒரு சிரிப்பு.

"டாக்டர், இது கல்லூரி ஏணி," என்றாள் அக்கா.

"நான் கல்லூரிகிட்ட வாங்கலையே. இஸ்திரிக்காரர்கிட்ட வாங்கினேன். வார்ப்பெல்லாம் காயறதுக்கு ரெண்டு நாள் ஆகும். அதுக்கப்புறம் பார்க்கலாம்." சொல்லிக்கொண்டே டாக்டர் அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தார். "வீங்கி வடிஞ்சிருக்கு போல இருக்கே?"

அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் கூட வந்திருந்தது யார்?

"ரெண்டு வருஷமா ஆடுது டாக்டர்," என்றார் கணவர். "இடது பக்கம், கீழே, கடைசிக்கு முந்தினது. நாக்கால தள்ளித் தள்ளி விளையாடுவா. ராஜா மாதிரி வச்சிருக்கா."

டாக்டரின் கண்கள் மின்னின. "அம்மா, ரெண்டு வருஷமா நீங்க இந்த வாசலைத் தாண்டிப் போறப்பெல்லாம் அந்தக் கன்னத்தைத்தான் நான் பார்த்துக்கிட்டிருக்கேன். அந்தப் பல்லைக் குடுங்க. ஏணியைத் தூக்கிட்டுப் போங்க."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். அக்கா ஏணியைப் பார்த்தாள். நாக்கால் பல்லைத் தொட்டாள். பதினாறு வருடத்தில் ஒரு கார்க் போனதில்லை. அவளுக்கு அழுகை முட்டியது, வலியால் அல்ல. இதுவரை அவளிடம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். கொடுக்காதபோது ஜெயித்தது அவள்தான். இப்போது எதைக் கொடுக்காமல் இருப்பது என்று அவளே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

"எடுத்த பல்லு எனக்கு வேணும்," என்றாள்.

"எடுத்த பல்லை நான் யாருக்கும் குடுத்ததில்ல."

"குடுத்த பொருளை நான் யாருக்கும் விட்டதில்ல."

"ஆளுக்குப் பாதி?" என்றார் கணவர். இருவரும் அவரை முறைத்தார்கள்.

டாக்டர்தான் இறங்கி வந்தார். ஊசி போட்டார், குறடு ஒன்றை எடுத்தார், இழுத்தார். இரண்டு வருடமாக ஆடிய பல், இப்போது வேரூன்றிய ஆலமரம்போல நின்றது. டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் ஒரு முழங்காலை முட்டுக் கொடுத்தார். அக்கா விரியத் திறந்த வாயால் ஏதோ முழங்கினாள்.

"என்ன சொல்றாங்க?"

"இரண்டாயிரத்து முந்நூற்று எழுபத்திரண்டுன்னு சொல்றா," என்றார் கணவர், நாற்காலியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு. "அவ்வளவு வேணுமாம்."

எவ்வளவு செலவானதோ, பல் வந்தது. வந்த வேகத்தில் டாக்டர் பின்னால் போய் ஏணியில் மோதினார். ஆறு சிரிப்புகள் தரையில் விழுந்து தூளாயின. டாக்டர் முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு மிச்சம் இருந்தது. குறட்டில் பிடித்திருந்த பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன வேர்! என்ன வேர்!" என்றார். அக்கா எட்டிப் பல்லை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாயில் பஞ்சோடு பின்னால் அவளும் முன்னால் கணவருமாக ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். பாதி வழியில் யாரோ, "அண்ணே, அந்த ஏணி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்கள். கணவர் வாயைத் திறக்கப் பார்த்தார். அக்கா பின்னாலிருந்து ஏணியை ஒரு தள்ளுத் தள்ளினாள். அவர் ஓட்டமாகக் கல்லூரி வாசலைத் தாண்டினார்.

ஸ்டோருக்குள் நுழையும்போது மணி நான்குக்கு ஐந்து நிமிடம். மூலையில் ஓர் ஏணி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் புது சார், சட்டை தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் பெருமை.

"அக்கா, கவலைப்படாதீங்க! எங்க வீட்டு ஏணி. பஸ்ல ஏத்த மாட்டேன்னுட்டாங்க. ரெண்டரை மைல் தோள்லயே தூக்கிட்டு வந்துட்டேன். இதுவும் ஆறடிதான்!"

அக்கா பேச முயன்றாள். "ம்ம்ஃப்," என்று வந்தது.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில். ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, மூலைக்கு வந்து நின்றார். "ஏணி ஒண்ணுன்னுதானே பட்டியல்ல இருக்கு? இங்க ரெண்டு நிக்குதே?"

"ம்ம். ம்ம்ஃப்."

"குறைஞ்சா ஒரு ஃபாரம். கூடினா மூணு ஃபாரம். கூடின பொருள் எங்கேருந்து வந்துச்சுன்னு விளக்கம் எழுதணும்."

கணவருக்கு மனம் பொறுக்கவில்லை. "அதுக்கெதுக்கு சார் மூணு ஃபாரம்? ஒண்ணை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்களேன்," என்றார், புது சாரின் ஏணியைக் காட்டி.

அதிகாரி அதைச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு வீட்டில் ஒட்டடை இருந்திருக்க வேண்டும். ஒரு படியில் காலை வைத்துப் பார்க்கவும் செய்தார். புது சாரின் முகத்தில் ரத்தம் வற்றியது.

அக்கா பாய்ந்தாள். பதிவேட்டைப் பிரித்து, கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'ஏணி ஒன்று. வேதியியல் துறை விரிவுரையாளர் மனமுவந்து அளித்த அன்பளிப்பு.' பேனாவைப் புது சார் கையில் திணித்தாள். அவள் கண்ணைப் பார்த்த புது சார், எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அதிகாரி பெருமூச்சுவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். எல்லாம் சரி என்று முத்திரை குத்தினார்.

கல்லூரி முழுக்க விஷயம் பரவியது. ஹீலியத்திடமிருந்தே ஒன்று போய்விட்டது. இனிமேல் கை தளர்ந்துவிடும் என்று மாணவர்கள் மறுநாள் காலையிலேயே அரைக்கதவு முன் வரிசை கட்டி நின்றார்கள். வடிதாள் வேண்டும், கண்ணாடிக் குச்சி வேண்டும், சும்மா ஒரு கார்க் வேண்டும். வேதியியலைச் சரியாகப் படிக்காத பிள்ளைகள். ஒன்று போன பிறகு இரண்டாவதைப் பிடுங்குவது இன்னும் கஷ்டம்; மிச்சம் இருப்பதை உட்கரு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹீலியத்தின் இரண்டாவது எண் ஐயாயிரத்து இருநூற்று ஐம்பது. அன்று ஒருவனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மாலையில் அரைக்கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் வந்தது.

இதை நன்றாகத் தெரிந்தவர் புது சார். அதனால்தான் அவர் ஒரு வாரம் கழித்தே அரைக்கதவருகே வந்தார்.

"அக்கா, வீட்டுல தண்ணித்தொட்டி கழுவணும். என் ஏணி..."

"யாரோட ஏணி?" இப்போது அவளுக்குப் பேச்சு நன்றாக வந்தது.

"கல்லூரி ஏணி," என்றார் புது சார்.

"அப்படிச் சொல்லுங்க." அக்கா விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தாள். அன்று இவர் ரெண்டரை மைல் சுமந்து வந்தது அவளுக்கு மறக்கவில்லை. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவள் செய்த அதிகபட்ச தயவு இது: வாராவாரம் வெள்ளி மாலை ஏணியை எடுத்துக்கொண்டு போகலாம். திங்கள் காலை ஒன்பதுக்குள் திரும்பி வர வேண்டும்.

அன்றிலிருந்து புது சார் வாரம் இரண்டு நடை, தோளில் ஏணியோடு நடந்தார். மூன்றாம் வாரம், அவர் தோள் சிவந்திருப்பதைப் பார்த்துப் பஞ்சர் கடைக்காரர் மனம் கசிந்தார். ஏணியின் ஒரு முனையில் இரண்டு சைக்கிள் சக்கரங்களை மாட்டிக் கொடுத்துவிட்டார். இப்போது புது சார் ஏணியை வண்டிபோல இழுத்துக்கொண்டு போகிறார். மேட்டில் ஏறும்போது பின்னால் யாராவது தள்ளியும் விடுகிறார்கள்.

அந்தச் சக்கரங்கள் யாருடைய சைக்கிளிலிருந்து வந்தன என்று அக்கா இன்னும் கேட்கவில்லை.